முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைத்த எரிக் டால்ஃபி: சுருதி சேராத பியானோவோடு ஒரு கச்சேரி, இதை ஏத்துக்கலாமா?

பள்ளத்தூரான் | வெள்ளி இரவு 10.40

போன வாரம் எங்க முகப்புக் கதவுக்கு ஒரு பித்தளைக் கொண்டி தேடி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். கொண்டி கிடைக்கல. ஒரு கடையில எனாமல் தூக்குச்சட்டி அடுக்குக்குக் கீழ தகரப் பெட்டி ஒண்ணு, உள்ள முப்பது நாப்பது எல்பி ரிக்கார்டு. பெரும்பாலும் சீர்காழி, பக்திப் பாட்டு. நடுவுல ஒரு உறையில மட்டும் ஜப்பான் எழுத்து. சிங்கப்பூர்ல இருந்த யாரோ ஒருத்தர் வீட்டைப் பிரிச்சப்ப வந்த சாமான்னு கடைக்காரர் சொன்னார். 250 ரூபாய் கேட்டார், பேரம் பேசாம கொடுத்துட்டேன்.

எரிக் டால்ஃபிங்கற அமெரிக்க ஜாஸ் கலைஞரோட ஃபைவ் ஸ்பாட் கச்சேரி, முதல் பாகம். நியூயார்க்ல ஃபைவ் ஸ்பாட்னு ஒரு சின்ன கிளப். அங்க 1961 ஜூலை 16 அன்னிக்கு ஒரே ராத்திரியில பதிவானது. டால்ஃபி ஆல்ட்டோ சாக்ஸபோனும் பாஸ் கிளாரினெட்டும், புக்கர் லிட்டில் டிரம்பெட், மால் வால்ட்ரன் பியானோ, ரிச்சர்ட் டேவிஸ் டபுள் பாஸ், எட் பிளாக்வெல் டிரம்ஸ். மொத்தமே மூணு உருப்படி. முதல் பக்கத்துல ரெண்டு, பின்பக்கம் முழுக்க ‘தி ப்ராஃபெட்’ மட்டும், இருபத்தோரு நிமிஷம்.

ஈரத் துணியால துடைச்சு, நிழல்ல காய வச்சு, வளவுல, அதான் நடு முற்றத்துல, டர்ன்டேபிள்ல போட்டேன். வீட்டுல வேற யாரும் இல்ல. முதல் உருப்படி ‘ஃபயர் வால்ட்ஸ்’. பியானோ ஆரம்பிச்ச உடனே ஏதோ இடறுச்சு. ஒருசில கட்டை சுருதி விட்டுக் கெடக்கு. டர்ன்டேபிள் வேகம்தான் தப்புன்னு நெனச்சு எழுந்து போய்ப் பார்த்தேன். வேகம் சரியா இருந்துச்சு. அந்த கிளப்ல இருந்த பியானோவே அப்படித்தானாம். அதுக்கு மேல சாக்ஸபோன் வந்துச்சு பாருங்க, கீழ் ஸ்தாயியிலிருந்து ஒரே தாவுல மேல, அங்கேருந்து பக்கவாட்டுல எங்கேயோ. கத்துற மாதிரியும் இருக்கு, யாரோ அவசரமா நம்மகிட்ட ஏதோ சொல்ல வர்ற மாதிரியும் இருக்கு. ரெண்டாவது உருப்படியில பாஸ் கிளாரினெட். ஆத்தங்குடிக் கல்லுல வெறுங்காலோட நின்னுக்கிட்டிருந்தேன். அடிக்குரல் உள்ளங்கால்ல தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரியே மூணு தடவை கேட்டேன். சின்ன வயசுல கல்யாண வீட்டுப் பந்தல்ல மேளக்காரங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, அடுத்து என்ன வரும்னு தெரியாம வாயைப் பொளந்து கேட்டேனே, அது திரும்பக் கிடைச்சுது. நம்ம ஊர்க் காது இதுக்குப் பழகின காதுதான்னு நான் நம்புறேன். யாராவது கேட்டிருக்கீங்களா?

வீணை டீச்சர், காரைக்குடி | சனி காலை 6.15

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, நாப்பத்தேழு நிமிஷமும் உட்கார்ந்து கேட்டேன். கேட்காம பேசக் கூடாதுன்னு என் குருநாதர் சொல்லுவார்.

எனக்கு மனசு ஒப்பலை. சுருதி மாதா, லயம் பிதான்னு சொல்றது அலங்காரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. தம்புராவை மீட்டி, சுருதி சேர்ந்து, அந்த ஷட்ஜம் காதுல நிறைஞ்ச பிறகுதான் எங்களுக்கு வாயோ விரலோ திறக்கும். சுருதி விட்ட பியானோவை வச்சுக்கிட்டு ஐந்து வித்வான்கள் ஒரு ராத்திரி முழுக்க வாசிச்சிருக்காங்க, அதை இசைத்தட்டாவும் போட்டிருக்காங்க. சமையல்ல உப்பு ஏறிடுச்சுன்னு தெரிஞ்சே இலையில பரிமாறுவோமா?

டால்ஃபி பெரிய வித்வான், அதுல சந்தேகம் இல்லை. அந்த விரல் வேகத்துக்குப் பின்னால எத்தனை வருஷ சாதகம் இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அவர் எந்த ஸ்வரத்திலயும் தங்கறதே இல்லை. ஆலாபனையில ஒரு காந்தாரத்தைத் தொட்டா அதுல நின்னு, அசைச்சு, அதோட முகம் தெரியற வரைக்கும் காத்திருப்போம். ஒரு கமகத்துக்கு, அந்த ஒரு அசைவுக்கு, ஆறு மாசம் எடுத்தவள் நான். இவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொட்டதும் தூக்கிப் போட்டுட்டு ஓடறார். நம்ம காதுக்குப் பழகினதுன்னு எப்படிச் சொல்றீங்க?

தவிலு வீட்டுப் பிள்ளை, தேவகோட்டை | சனி காலை 11.02

டீச்சரம்மாவுக்கு வணக்கம். உங்ககிட்ட எதிர்த்துப் பேச எனக்கு வயசில்ல, ஆனா இதுல பேசாம இருக்க முடியல.

நான் இந்தத் தட்டை டிரம்ஸுக்காகத்தான் கேட்டேன். எட் பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸ்காரர். அந்த ஊர்ல சாவு ஊர்வலத்துக்கும் திருவிழா ஊர்வலத்துக்கும் மேளம் முன்னாடி போகும், பின்னாலயே ஊர் நடக்கும். அந்த மேளத்தைக் கேட்டு வளர்ந்த கை. ‘ஃபயர் வால்ட்ஸ்’ மூணு எண்ணிக்கை, நம்ம கணக்குல திஸ்ரம்னு வச்சுக்குங்க. டால்ஃபி எங்க வேணா தாவட்டும், அந்த மூணு கீழ போய்க்கிட்டே இருக்கு. ஒரு தடவை தொடையில தட்டிக்கிட்டே கேட்டுப் பாருங்கம்மா. அவர் தொலைஞ்சு போனார்னு நாம நெனைக்கிற இடத்துல, சுத்து முடியறப்ப, சரியா வந்து நிப்பார். நாகஸ்வரக்காரர் ஸ்வரம் வாசிக்கையில எங்கப்பா முகத்தைப் பார்த்திருக்கேன். விடாம சிரிச்சுக்கிட்டே, இடத்துக்கு வரட்டும்னு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு இந்த டிரம்ஸ்ல கேக்குது.

சுருதியைப் பத்தி ஒண்ணு. நாகஸ்வரத்துல கொத்தா சீவாளி தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. வாயில வச்சு ஊதுற துண்டு, நாணல் தட்டையில செய்யறது. மழைக்காத்து அடிச்சா ஊறி ஒரு மாதிரி பேசும், வெயில்ல காஞ்சா வேற மாதிரி பேசும். வாசிச்சுக்கிட்டிருக்கையிலயே கழட்டி, வாயில நனைச்சு, குச்சியை விட்டு வாயைத் திருத்தி, வேற ஒண்ணை மாட்டி... இப்படிப் போராடித்தான் எங்க பெரியவங்க தோடி ராகம் வாசிச்சாங்க. திறந்தவெளிக் கச்சேரியில சுருதிங்கறது கையில எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லம்மா. நிமிஷத்துக்கு நிமிஷம் சண்டை போட்டு வாங்கறது.

இன்னொண்ணு. பாஸ் கிளாரினெட்டை யாரும் அந்நியக் கருவின்னு சொல்லிடாதீங்க. கிளாரினெட்டு சின்னமேளத்துல, அதான் சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கிற குழுவுல, வாசிச்ச கருவி. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதுல ராகம் வாசிச்சா நாகஸ்வரக்காரங்களே வாயடைச்சுப் போவாங்க. இது அதோட அண்ணன், குரல் மட்டும் அடித்தொண்டை.

குன்றக்குடி ரோடு | சனி மதியம் 1.20

எல்லாரும் கேட்டிருக்கீங்க, நான் மட்டும் கேட்கல. எதுல ஆரம்பிக்கணும்?

பள்ளத்தூரான் | சனி மதியம் 1.26

ரெண்டாவது உருப்படி ‘பீ வாம்ப்’லயே ஆரம்பிங்க. புக்கர் லிட்டில் எழுதினது. பன்னிரண்டரை நிமிஷம். போன்ல கேட்காதீங்க, ஸ்பீக்கர் பெட்டியில போட்டுக் கேளுங்க. போன்ல அடிக்குரல் வராது.

வீணை டீச்சர், காரைக்குடி | சனி மாலை 5.48

தவிலு வீட்டுப் பிள்ளை சொன்ன சீவாளி விஷயம் எனக்குச் சாதகமான விஷயம் தம்பி. உங்க பெரியவங்க சீவாளியை ஏன் மாத்தினாங்க? சுருதி விலகினது அவங்களுக்குப் பொறுக்கலை, அதனால. விலகினா விலகட்டும்னு வாசிக்கலையே. சண்டை போட்டு வாங்கறதுன்னு நீங்களே சொல்றீங்க. அந்த நியூயார்க் பியானோவுக்காக யார் சண்டை போட்டாங்க?

தாளத்தைப் பத்தி நீங்க சொன்னது சரி. தட்டிக்கிட்டே கேட்டேன். முதல் தடவை எனக்குப் பிடிபடாதது இப்ப பிடிபடுது. அதை ஒத்துக்கறேன்.

கோவிலூர் பொறியாளன் | சனி இரவு 9.10

நான் வேற இடத்திலேருந்து வர்றேன். பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறது என் தொழில். நம்ம முன்னோர் பர்மாவிலேருந்து தேக்கு கொண்டுவந்தாங்க, இத்தாலியிலேருந்து பளிங்கு, பெல்ஜியத்திலேருந்து கண்ணாடி. ஆனா வீடு நம்ம வீடு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் நம்ம கணக்கு. வந்த பொருள் நம்ம கணக்குக்குள்ள உட்கார்ந்துச்சு. அதுதான் செட்டிநாடு.

இசையிலயும் அப்படித்தான் நடந்திருக்கு. வயலின் வந்துச்சு, தரையில உட்கார வச்சு, தந்திச் சுருதியை மாத்தி, நம்மதாக்கினோம். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையே நம்ம கமகத்துக்கு ஏத்தபடி மாத்தி அமைச்சு, மேடையில ராகம் வாசிச்சார். அது சாதனை. இந்தத் தட்டை அப்படியே கொண்டுவந்து வளவுல வச்சு, இது நம்ம ஊர்க் காதுக்குப் பழக்கமானதுன்னு சொல்றது எனக்குச் சரியாப் படல. அது அவங்க ஊர் வலி, அவங்க ஊர்ப் பேச்சு. நமக்குப் புரிஞ்ச மாதிரி நாம சொல்லிக்கக் கூடாது.

பள்ளத்தூரான் | சனி இரவு 11.55

பொறியாளர் அண்ணே, இதை ரெண்டு மணி நேரம் யோசிச்சேன். நீங்க சொன்னதுல பாதி எனக்கு உறைக்குது. ‘பழகின காது’ன்னு நான் சொன்னது அவசரம். அவங்க வலி எனக்குத் தெரியும்னு நான் சொல்ல முடியாது. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன்.

ஆனா தேக்கை எடுத்துக்குங்க. எங்க ஐயா பர்மாவுல கடை வச்சிருந்தவர். எங்க வீட்டுத் தூணைக் காட்டி, ‘இது வளர்ந்த காட்டை நான் பார்த்திருக்கேன்டா’ம்பார். ஒரு பொருள் நம்ம வீட்டுக்கு வந்துட்டா அது வந்த காட்டை மறந்துடணும்னு ஏதும் இருக்கா? வயலினை நாம மாத்தினோம், சரி. எல்லாத்தையும் மாத்தித்தான் கேட்கணும்னா, மாத்தாம கேட்கிற சந்தோஷம் எப்பத்தான் கிடைக்கும்?

அந்தப் பக்கத்திலேருந்தும் காது நீட்டினவங்க உண்டு. 1961 நவம்பர்ல டவுன்பீட்ங்கற அமெரிக்க ஜாஸ் பத்திரிகையில ஒரு விமர்சகர், சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிக்கிறதை ‘ஜாஸுக்கு எதிரானது’ன்னு எழுதினார். அவங்க ஊர்ப் பத்திரிகையிலயே! அடுத்த வருஷம் அதே பத்திரிகையில ரெண்டு பேரும் உட்கார்ந்து பதில் சொன்னாங்க. பறவைங்க பாடுறதுல நம்ம ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கிற ஸ்வரங்கள் வருது, இந்திய இசையிலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு, அது அழகா இருக்குன்னு டால்ஃபி சொன்னார். ஃபைவ் ஸ்பாட் ராத்திரிக்கு நாலு மாசம் கழிச்சு, கோல்ட்ரேனோட ‘இந்தியா’ன்னே ஒரு உருப்படி வாசிச்சுப் பதிவு பண்ணினாங்க, டால்ஃபி பாஸ் கிளாரினெட்டோட. அவர் நம்ம ராகத்தை வாசிக்கல, வாசிக்கத் தெரியும்னும் சொல்லல. அழகா இருக்குன்னு மட்டும் சொன்னார். நானும் அவர் வாசிச்சதைப் பத்தி அவ்வளவுதான் சொல்ல வர்றேன்.

டீச்சர், ஸ்வரத்துல நிக்கலைன்னு சொன்னீங்க. பறவையை நெனச்சுக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்க. எங்க பின்கட்டு முருங்கையில காலையில வர்ற குருவி எந்த ஸ்வரத்துல நிக்குது?

ரிக்கார்டுப் பெட்டி | ஞாயிறு காலை 7.30

எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த விவாதத்தில் இசைத்தட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடிக்கு இசைத்தட்டு புதிதல்ல. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுப்பதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் கிராமஃபோன் தட்டு விற்றவர். அந்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை பந்தலில் மணிக்கணக்காக வாசித்த தோடியை அந்தத் தட்டுக்காகச் சுருக்கி வாசித்தார். என் தகப்பனார் அந்தத் தட்டை வைத்திருந்தார். ஊசி ஓடி முடிந்ததும், ‘கச்சேரியில் இது ஆரம்பம், தட்டில் இது முடிவு’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சலிக்காமல் சொல்வார். நேரில் கேட்ட அந்த நீண்ட தோடி அவரோடு போய்விட்டது.

எல்பி வந்த பிறகுதான் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ‘தி ப்ராஃபெட்’ இருபத்தோரு நிமிடமும் வெட்டாமல் கிடைத்திருப்பது அதனால்தான். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் கருவிகளைக் கிளப்புக்கே தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். தட்டில் கைதட்டலும் பேச்சும் கேட்கும்.

இப்போது அந்த ஐந்து பேரில் இருவரைப் பாருங்கள். புக்கர் லிட்டிலுக்கு அன்று 23 வயது. சிறுநீரகக் கோளாறால் அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று காலமானார், மூன்று மாதம்கூட இல்லை. டால்ஃபி 1964 ஜூன் 29 அன்று பெர்லினில் காலமானார், நீரிழிவு, வயது 36. அதே மாதத் தொடக்கத்தில் ஹாலந்தில் ஒரு பதிவு செய்தார். அந்தத் தட்டின் முடிவில் அவர் குரல் வரும். இசை முடிந்ததும் காற்றில் போய்விடுகிறது, திரும்பப் பிடிக்கவே முடியாது என்று சொல்வார். அதைக் கேட்டபோது என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன்.

பியானோவைச் சரிசெய்துவிட்டு இன்னொரு நாள் பதிவு செய்திருக்கலாம் என்று டீச்சர் நினைக்கலாம். இந்த ஐவரும் ஒன்றாக வாசிக்க இன்னொரு நாள் அதிகம் இருக்கவில்லை, அம்மா.

தவிலு வீட்டுப் பிள்ளை, தேவகோட்டை | ஞாயிறு காலை 9.44

ஐயா, 23 வயசுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு இப்ப 24.

டீச்சரம்மா, பியானோவுக்காக யார் சண்டை போட்டாங்கன்னு கேட்டீங்க. மால் வால்ட்ரன் போட்டார். பியானோக்காரர் சீவாளி மாதிரி கழட்டி மாட்ட முடியாது, கிளப்புல இருக்கிறதைத்தான் வாசிக்கணும். அவர் தனியா வாசிக்கிற இடத்தைக் கேளுங்க. ரெண்டு மூணு கட்டையை எடுத்துக்கிட்டு, அதையே திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமா இடம் மாத்தி அடிக்கிறார். விலகின கட்டையைத் தவிர்க்காம அது மேலயே போறார். தவில்ல ஒரு பக்கம் வார் தளர்ந்துட்டா, நடுவுல நிறுத்த முடியலன்னா, நாங்க அந்தப் பக்கத்தை நாதத்துக்கு நம்பாம தாளச் சொல்லுக்கு நம்புவோம். அவர் பண்றது அது. பியானோவை மேளமாக்கிட்டார்.

கோவிலூர் பொறியாளன் | ஞாயிறு மதியம் 12.15

நான் இன்னும் மாறல, ஆனா ரிக்கார்டு ஐயா எழுதினதைப் படிச்சிட்டு ஒரு விஷயம் எழுதணும்னு தோணுச்சு. கடல் கடந்த நம்ம ஆளுங்க அங்கே என்ன கொண்டுபோனாங்கன்னு நாம பேசறதே இல்ல. சார்லி மரியானோன்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர், மலேசியா வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், அங்கே நாகஸ்வரம் கேட்டு அதைக் கத்துக்கிட்டார். மலாயாவில நம்ம ஆளுங்க கோயில் கட்டலைன்னா, மேளம் அங்கே போயிருக்குமா? பொருள் ரெண்டு பக்கமும் போயிருக்கு. ஆனா மரியானோ உட்கார்ந்து கத்துக்கிட்டார். அதுதான் என் கட்சி. கேட்டு ரசிச்சா போதாது, உட்கார்ந்து கத்துக்கணும்.

பள்ளத்தூரான் | ஞாயிறு மதியம் 12.40

ரசிகனுக்கும் ஒரு இடம் இருக்கு அண்ணே. எங்க அப்பத்தாவுக்கு ராகம் பேரு ஒண்ணுகூடத் தெரியாது. மல்லாரி கேட்டா சாமி புறப்பாடுன்னு அடுப்படியில எழுந்து நிப்பாங்க. அது கத்துக்கிட்டதா, கேட்டதா?

டீச்சர், உங்ககிட்ட ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. காரைக்குடி சகோதரர்கள்ல சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி நிறுத்தி வச்சு வாசிச்சார். தம்பி சாம்பசிவய்யர் படுக்க வச்சு வாசிச்சார். ஒரே வீடு, ஒரே மேடை. அன்னிக்கு நிமிர்த்தினதைப் பார்த்து யாராவது முகம் சுளிச்சிருக்க மாட்டாங்களா?

வீணை டீச்சர், காரைக்குடி | ஞாயிறு இரவு 8.20

கோவிச்சுக்கலை. சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தினார், மேளத்தை, அதாவது மெழுகுல பதிச்ச மெட்டு வரிசையை, கலைக்கலை. சுருதி அங்கேயேதான் இருந்தது. வைக்கிற விதத்தை மாத்தறதும் சுருதியை விடறதும் ஒண்ணில்லை. இந்த விஷயத்துல நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனா இன்னிக்குக் கதவைச் சாத்திட்டு ‘பீ வாம்ப்’ மட்டும் நாலு தடவை கேட்டேன். ரெண்டு விஷயம். அந்த 23 வயசுப் பையன் டிரம்பெட்டுல நீளமா ஒரு ஸ்வரம் பிடிக்கிற இடங்கள் இருக்கு. அசைவே இல்லாம, நூல் பிடிச்ச மாதிரி. கீழ பியானோ எங்கே இருந்தாலும் அவன் தன் சுருதியைக் காதுக்குள்ள வச்சிருக்கான். தம்புரா இல்லாம அப்படி நிக்கறது சின்ன விஷயமே இல்லை. என் மாணவிகள்ல ரெண்டு பேர்கூட நிக்கமாட்டாங்க. ரெண்டாவது, டால்ஃபி ஸ்வரத்துல நிக்கறதில்லைன்னு சொன்னேன். நிக்கறார். மேல தாவி, கீழ வந்து, திரும்பத் திரும்ப அடிக்குரல்ல ஒரே இடத்தைத் தொடறார். ரொம்ப நேரம் கழிச்சு வந்து தொடறதால முதல்ல எனக்குக் காதுல படலை. அதை நியாசம், அதாவது ராகம் தங்கி நிக்கிற ஸ்வரம்னு சொல்லமாட்டேன். என்னன்னு சொல்றதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்.

பியானோ தப்புதான். அது எத்தனை தூரம் விலகியிருக்குன்னு என் வீணையில வச்சுப் பார்க்கணும், மனசு ஆறலை. தம்பி, வர்ற சனிக்கிழமை தட்டையும் டர்ன்டேபிளையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. தவிலு வீட்டுப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அஞ்சு மணிக்கு மேல வாங்க. பகல் வெயில்ல மேளத்து மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும், என் சுருதியையே நம்ப முடியாது.

தவிலு வீட்டுப் பிள்ளை, தேவகோட்டை | ஞாயிறு இரவு 8.31

அஞ்சரைக்கு வந்துடறோம்மா. தவிலையும் எடுத்துட்டு வரவா?